யீலிங்க் டி21பி இ2: 58 போனுக்கு கான்ஃபிக் ஃபைல் எழுதியவனின் ரிவ்யூ

இந்த போனைப் பற்றித் தேடினால் ஸ்க்ரீன் எப்படி, ஸ்பீக்கர் எப்படி, பட்டன் அழுத்த சுகமாக இருக்கிறதா என்றுதான் எழுதியிருப்பார்கள். அது ஒரே ஒரு போனை மேசையில் வைத்துப் பார்த்தவர் எழுதுவது. நான் கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ பக்கம் பம்ப் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா, போன் என்று ஒயர் உள்ளது, ஒயர் இல்லாதது எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். ஆபீஸ், ஷெட், ஸ்டோர், வாட்ச்மேன் கேபின் என்று ஒரே காம்பவுண்டுக்குள் 58 ஐபி போன் (நெட்வொர்க் ஒயரில் ஓடும் போன்). வாங்கியபோது அதில் 57 இந்த டி21பி இ2, ரிசெப்ஷனில் மட்டும் பெரிய டி46எஸ். 58 போனை ஒருவன் பார்த்துக்கொள்ளும்போது சவுண்ட் எல்லாம் இரண்டாவது விஷயம். போன் சர்வரின் ஐபி (நெட்வொர்க் விலாசம்) மாறிவிட்டது, எல்லா போனிலும் மாற்று என்றால் அது எத்தனை மணி நேர வேலை என்பதுதான் முதல் விஷயம்.

அதற்காக மட்டும் இந்த போனுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று எதற்கு என்று போகப்போகச் சொல்கிறேன்.

மற்றதை சீக்கிரம் முடித்துவிடலாம். சின்ன கறுப்பு வெள்ளை ஸ்க்ரீன், பின்னால் லைட் உண்டு. இரண்டு லைன். பிஓஇ இருப்பதால் நெட்வொர்க் ஒயரிலேயே கரண்ட் வந்துவிடும், தனி அடாப்டர் வேண்டாம். பேச்சு தெளிவு. லேத் ஓடுகிற இடத்தில் ரிங் கேட்காது, ஆனால் அங்கே எந்த போனும் கேட்காது. ஒரே ஒரு எச்சரிக்கை, இதன் நெட்வொர்க் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். போனின் பின்னால் கம்ப்யூட்டரைச் சொருகினால் கம்ப்யூட்டருக்கும் அதே 100தான். டிசைன் டிபார்ட்மென்ட்டுக்கும் இதையே வாங்கிப் போட்டது என் தப்பு, ஸ்பெக்கில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. கம்ப்யூட்டரில் போட்ட டிசைன் டிராயிங் திறக்க டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகிறது என்று அவர்கள் கேலி பேசிய பிறகு அந்த ஆறு பேருக்கு மட்டும் தனி ஒயர் இழுத்தேன்.

சரி, கான்ஃபிக்குக்கு, அதாவது போனின் செட்டிங்குகளை எழுதிவைக்கும் ஃபைலுக்கு வருவோம்.

இந்த போனுக்கு இரண்டு ஃபைல் போதும். ஒன்று பொதுவானது, அந்த மாடல் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதன் பெயர் ஒய் என்ற எழுத்து, அப்புறம் 000000000052, பின்னால் டாட் சிஎஃப்ஜி. அந்த 52 என்பது டி21பி இ2-வின் எண். ரிசெப்ஷன் டி46எஸ்-க்கு 66. மாடல் மாறினால் எண் மாறும். எந்த மாடலுக்கு எந்த எண் என்று மேனுவலில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதைப் பிரின்ட் எடுத்து சர்வர் ரேக்கில் ஒட்டிவிடுங்கள், மனதில் நிற்காது. இரண்டாவது ஃபைல் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி, போனின் மேக் அட்ரஸ்தான் (தயாரிப்பிலேயே ஒவ்வொரு போனுக்கும் வரும் தனி அடையாள எண்) பெயர். பொது ஃபைலில் சர்வர், நேரம், பாஸ்வேர்ட் மாதிரி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பவை. தனி ஃபைலில் எக்ஸ்டென்ஷன் நம்பர், பெயர், அதன் எஸ்ஐபி பாஸ்வேர்ட் (போன் சர்வருக்குள் நுழையும் பாஸ்வேர்ட்). போன் முதலில் பொது ஃபைலைப் படிக்கும், பிறகு தன் ஃபைலைப் படிக்கும். இரண்டிலும் ஒரே விஷயம் இருந்தால் பின்னால் படித்ததுதான் நிற்கும்.

உள்ளே என்ன இருக்கும் என்று காட்டுகிறேன். ஃபைலில் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும், இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

அக்கவுண்ட்.1.எனேபிள் = 1
அக்கவுண்ட்.1.லேபிள் = 214
அக்கவுண்ட்.1.டிஸ்ப்ளே_நேம் = ஸ்டோர்ஸ்
அக்கவுண்ட்.1.யூசர்_நேம் = 214

அவ்வளவுதான். நோட்பேடில் திறந்து பார்த்தால் நெட்வொர்க் படிக்காத ஆளுக்கும் ஏறத்தாழ புரியும். எங்கள் அக்கவுன்ட்ஸ் அம்மா ஒருமுறை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "214 ஸ்டோர்ஸ்தானே, அதுக்கு இப்ப பேர் மாத்தணுமே" என்று தானாகவே சொன்னார். இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் மற்ற போன்களின் ஃபைலைப் பாருங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் கம்பெனி போன்களில் ரொம்ப நாளாக இருந்துவரும் முறையில் பி47 என்றால் சர்வர், பி35 என்றால் யூசர், பி34 என்றால் பாஸ்வேர்ட். பழகியவர் வேகமாக எழுதுவார், ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால் பி270 என்ன என்று மறுபடியும் தேட வேண்டும். சிஸ்கோவின் பழைய போன்கள் எக்ஸ்எம்எல் கேட்கும், ஒரு டேக்கை மூடாமல் விட்டால் முழு ஃபைலும் வீண். போன் வாங்கும் முன் டீலரிடம் டெமோ கேட்கிறோம் இல்லையா, டெமோவோடு ஒரு மாதிரி கான்ஃபிக் ஃபைலையும் கேளுங்கள் என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். அதைப் படித்து உங்களுக்குப் புரியவில்லை என்றால் போன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எங்களுக்கு போன் போட்ட டீலர் இதில் எதையும் காட்டவில்லை. பெயர் வேண்டாம், ஊரில் இருக்கிறார்கள், நாளைக்கு எதிரே வருவார்கள். அவர்கள் அனுப்பிய பையன் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு போனின் வெப் பேஜையும் தனித்தனியாகத் திறந்து கையால் டைப் அடித்தான். பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். எல்லா போனிலும் அட்மின், அட்மின் என்ற அதே பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஒரு பெயர் மாற்ற வேண்டும் என்றால்கூட ஏஎம்சியில் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) வராது, தனி விசிட், தனி பில். இரண்டு வருடம் அப்படியே கொடுத்தோம். 2023-ல் போன் சர்வரை (ஆஸ்டெரிஸ்க் என்ற போன் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர் ஓடும் ஒரு பழைய டெஸ்க்டாப்) வேறு நெட்வொர்க்குக்கு மாற்ற வேண்டி வந்தபோது, 58 போனுக்கும் போன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கோட்டேஷன் அனுப்பினார்கள். எம்டி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் மேனுவலைத் திறந்தேன்.

ஃபைல் எழுதுவது ஒரு பக்கம், போன் அந்த ஃபைலை எங்கே போய்த் தேடும் என்பது இன்னொரு பக்கம். போன் ஆன் ஆனதும் டிஹெச்சிபியிடம் (நெட்வொர்க்கில் ஐபி பங்கிடும் சேவை) தனக்கு ஒரு ஐபி கேட்கும். ஐபியோடு சேர்த்து, உன் ஃபைல் இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு விலாசத்தையும் கொடுக்கலாம், அதற்குப் பெயர் ஆப்ஷன் 66. 1997-ல் எழுதிய ஆர்எஃப்சி 2132 என்ற இன்டர்நெட் விதிமுறையில் இருந்தே இருக்கிறது, புது விஷயம் கிடையாது. எங்கள் இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அந்த வசதி இல்லை. அதனால் ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு போன் சர்வரிலேயே அதே வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சாஃப்ட்வேரைப் போட்டேன். ஆப்ஷன் 66 முதலில் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறைக்காக வந்தது, ஆனால் இந்த போனுக்கு ஹெச்டிடிபி (வெப் பேஜ் திறக்கும் அதே முறை) விலாசம் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு ஹெச்டிடிபி கொடுங்கள். காரணம் ஒன்றே ஒன்று, லாக், அதாவது யார் வந்து எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்பு.

வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்கை ஓடவிட்டுவிட்டு ஒரு போனை ரீபூட் செய்து பாருங்கள். போன் வந்து கதவைத் தட்டுவது வரி வரியாகத் தெரியும். முதலில் தன் மேக் பெயரில் டாட் பூட் என்று ஒரு ஃபைல் கேட்கும், இல்லை, 404 (அப்படி ஒரு ஃபைல் இல்லை என்ற பதில்). அப்புறம் பூஜ்யமாக அடுக்கிய பெயரில் பொது பூட் ஃபைல் கேட்கும், அதுவும் 404. இதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள், முதல் நாள் நான் பயந்தேன். பூட் ஃபைல் வைப்பதும் வைக்காததும் நம் இஷ்டம். அது கிடைக்கவில்லை என்றால் பழைய முறைக்குப் போய் 52-வது பொது ஃபைலையும், கடைசியாகத் தன் மேக் ஃபைலையும் கேட்கும். இந்த இரண்டுக்கும் 200, அதாவது கிடைத்தது என்ற பதில் வந்தால் வேலை முடிந்தது. அதே வரியில் போனின் மாடல், ஃபர்ம்வேர் (போனுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) வெர்ஷன், மேக் எல்லாம் சேர்ந்து வரும், அதாவது 58 போனுக்கும் எழுந்து போய்ப் பார்க்காமலே ஒரு இன்வென்டரி லிஸ்ட் கிடைத்துவிடும். டிஎஃப்டிபியில் இந்தச் சுகம் வராது.

இனி என் அசட்டுத்தனங்கள். இவற்றுக்கும் போனுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்த போன் வாங்குகிறவர் எல்லோரும் இதே குழியில்தான் விழுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஆரம்பித்தேன். வாரம் முழுக்க ஒவ்வொரு மேசையாகப் போய் போனைக் கவிழ்த்து, ஸ்டிக்கரைப் பார்த்து மேக் நம்பரை நோட்டில் எழுதி, எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தேன். அதிலிருந்து 58 ஃபைலை ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதித் தள்ளிவிட்டது. பெருமையாக, போன்களுக்கு நெட்வொர்க்கும் கரண்ட்டும் கொடுக்கும் ஸ்விட்சுகளை அணைத்துப் போட்டேன். ஒரு போன்கூட வரவில்லை. லாக்கில் 404 மழை. ஸ்டிக்கரில் மேக் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது, நானும் அப்படியே பெரிய எழுத்தில் ஃபைல் பெயர் வைத்திருக்கிறேன், போன் கேட்பதோ சின்ன எழுத்தில். விண்டோஸ் சர்வராக இருந்தால் கண்டுகொள்ளாது, லினக்ஸில் இரண்டும் வேறு வேறு. ஒரு வரி கமாண்டில் எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டு மறுபடி ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். 47 வந்துவிட்டது.

மீதி 11-ல் ஒன்பது எக்செல்லின் வேலை. எங்கள் போன்களின் மேக் 001565 என்றுதான் ஆரம்பிக்கும். பின்னால் வரும் ஆறும் எண்ணாகவே இருந்துவிட்டால் எக்செல் அதை ஒரு நம்பர் என்று நினைத்து முன்னால் உள்ள இரண்டு பூஜ்யத்தையும் விழுங்கிவிடுகிறது. இன்னொரு கொடுமை, மேக்கின் கடைசிப் பக்கம் எண்களுக்கு நடுவே ஈ என்ற எழுத்து மட்டும் வந்தால் அது பத்தின் அடுக்கு என்று நினைத்து 1.57 ஈ பிளஸ் 12 என்று ஆக்கிவிடும். எக்செல்லில் மேக் இருக்கும் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் டைப் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

கடைசி இரண்டு போன் ரொம்ப நேரம் எடுத்தது. ஒன்றில் நான் 8 என்று எழுதியது உண்மையில் பி. இன்னொன்று ஸ்டோர்ஸ் போன். ஆயுத பூஜைக்கு லேத், தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து குங்குமம் வைப்பார்கள் இல்லையா, ஸ்டோர்ஸ்காரர் பக்தி மிகுந்தவர், போனைத் திருப்பிப் பின்பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அது சரியாக மேக் நம்பரின் கடைசி இரண்டு எழுத்து மேல் காய்ந்து உட்கார்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சந்தனத்தோடு மையும் சேர்ந்து வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, போன் சும்மா இருக்கும்போது ஓகே பட்டனை ஒரு தட்டு தட்டினால் ஐபி, மேக், ஃபர்ம்வேர் எல்லாம் ஸ்க்ரீனிலேயே வந்துவிடுமாம். வாரம் முழுக்க 58 போனைக் கவிழ்த்த கழுத்து வலியோடு அதைத் தெரிந்துகொண்டேன். தட்டு மட்டும் தட்டுங்கள், பிடித்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், 10 விநாடி அழுத்தினால் ஃபேக்டரி ரீசெட் கேட்கும்.

ஃபைல் போய்ச் சேர்ந்ததா என்று தூரத்தில் இருந்தே பார்க்க இன்னொரு வழி, கடிகாரம். இந்த போன் சீனாவில் ஷியாமென் நகரத்துக் கம்பெனியின் தயாரிப்பு, பெட்டியில் இருந்து எடுக்கும்போது பெய்ஜிங் நேரத்தில், அதாவது பிளஸ் 8-ல் இருக்கும். நம் நேரம் பிளஸ் 5:30. ஆகவே ஒரு போன் சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்றால் அதற்குப் பொது ஃபைல் போகவில்லை என்று அர்த்தம். பேக்கிங்கில் ஒருவர் வந்து "ஏனுங் சார், என்ற போனு மட்டும் ஷிஃப்ட் முடிஞ்சுதுன்னு காட்டுது, நான் கிளம்பட்டுங்களா" என்றார். அந்த போனுக்குப் பெயர் சரியாக வந்திருக்கிறது, நம்பர் வந்திருக்கிறது, நேரம் மட்டும் பெய்ஜிங். பார்த்தால் அது இடையில் மாற்றிய போன், வேறு மாடல். மேக் ஃபைலை மட்டும் எழுதியிருக்கிறேன், அந்த மாடலுக்கான பொது ஃபைல் சர்வரில் இல்லவே இல்லை.

இப்போது குறைகள்.

முதல் வரி. ஒவ்வொரு ஃபைலும் ஹேஷ், ஆச்சரியக்குறி, வெர்ஷன், 1.0.0.1 என்ற வரியில்தான் தொடங்க வேண்டும், அதை அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று மேனுவலில் இருக்கிறது. ஆனால் அதே ஃபைலில் மற்ற இடத்தில் ஹேஷ் போட்டால் அது வெறும் குறிப்பு, போன் படிக்காது. புதிதாக வந்த ட்ரெய்னி தம்பி குறிப்புகளை எல்லாம் அழித்து ஃபைலைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்று முதல் வரியையும் சேர்த்துச் சுத்தமாக்கிவிட்டான். குறிப்பு மாதிரியே தோற்றம் கொண்ட ஒன்றைக் கட்டாயமாக்கியது யார் யோசனையோ. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, மௌனம். ஒரு வரியில் ஸ்பெல்லிங் தப்பாக இருந்தால் போன் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், ஸ்க்ரீனில் ஒரு வார்த்தை சொல்லாது. லாக்கில் 200 இருக்கும், ஃபைல் போயிருக்கும், ஆனால் வேலை நடந்திருக்காது. இதோடு வெர்ஷன் குழப்பம் வேறு. ஃபர்ம்வேர் 81-ல் இருந்து நெட்வொர்க், பாஸ்வேர்ட், ப்ரொவிஷனிங் (போன் தானாக ஃபைல் வாங்குவது) சம்பந்தப்பட்ட பல வரிகளுக்கு முன்னால் ஸ்டாடிக் என்ற சொல் சேர்ந்துவிட்டது. நெட்டில் கிடைக்கும் பழைய மாதிரி ஃபைலைக் காப்பி அடித்தால் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது, எது செய்யாது என்று போன் சொல்லாது. உங்கள் போனில் ஓடும் ஃபர்ம்வேருக்கு உரிய மேனுவலை மட்டும் பாருங்கள். ஃபர்ம்வேர் எண்ணின் முதல் பகுதி மாடலைச் சொல்லும் (இந்த மாடலுக்கு அதே 52), அடுத்த பகுதிதான் வெர்ஷன். இந்த மௌனத்துக்குத்தான் ஐந்தில் ஒன்றைக் குறைத்தேன்.

அப்புறம் ரிசெப்ஷன் அக்கா. அவர் போனில் பக்கத்துக்குப் பத்து பட்டன், ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்டென்ஷன், அந்த எக்ஸ்டென்ஷன்காரர் பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு எரியும். நான் என் எக்செல் வரிசைப்படி 201, 202 என்று அழகாக அடுக்கி அவர் ஃபைலில் எழுதி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு முதல் கால் எனக்குத்தான். "தம்பி, என்ற பட்டன் எல்லாம் எங்க போச்சு? எம்டி சார் மேலே இருப்பாரு, பர்ச்சேஸ் கீழே இருக்கும், கண்ணை மூடிட்டு அமுத்துவேன். இப்ப எம்டிக்கு வந்த காலை கேன்டீனுக்குப் போட்டுட்டேன்." இரண்டு வருடமாக அவர் போனிலேயே ஒவ்வொன்றாக மாற்றி அமைத்திருந்ததை நான் ஒரே இரவில் துடைத்துவிட்டேன். இதற்கு ஒரு வரி இருக்கிறது, கஸ்டம் ப்ரொடெக்ட் என்று முடியும். அதற்கு 1 கொடுத்தால் ஆள் தன் போனில் செய்த மாற்றத்தை நம் ஃபைல் தொடாது, போன் அதைத் தனியாக மேக் லோக்கல் என்ற ஃபைலில் வைத்துக்கொள்ளும். சும்மா விட்டால் 0தான். எல்லா போனுக்கும் 1 கொடுத்துவிடலாமா என்றால் அதுவும் தலைவலி. யாரோ ஒருவர் மெனுவில் விளையாடி எதையோ மாற்றிவைத்திருப்பார், நாம் ஃபைலில் சரிசெய்து அனுப்பிக்கொண்டே இருப்போம், போன் தன் சொந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். ரிசெப்ஷனுக்கு மட்டும் 1, மற்றவர்களுக்கு 0. அக்காவிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், அதை எந்த மேனுவலும் சொல்லாது.

பாஸ்வேர்ட் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த ஃபைலில் எஸ்ஐபி பாஸ்வேர்ட் அப்படியே பச்சையாக இருக்கும். ஃபைல் பெயரோ மேக் அட்ரஸ், முதல் பாதி எல்லோருக்கும் ஒன்று. சர்வரில் ஃபோல்டர் லிஸ்ட்டிங் திறந்திருந்தால் ஆபீஸ் வைஃபையில் இருக்கும் யாரும் பிரவுசரில் உட்கார்ந்து 58 பாஸ்வேர்டையும் இறக்கிக்கொள்ளலாம். இந்த சர்வரை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், ராத்திரியோடு ராத்திரியாக யாரோ உங்கள் எக்ஸ்டென்ஷனில் புகுந்து ஏதோ ஒரு நாட்டுக்கு ஐஎஸ்டி பேசி முடித்திருப்பார்கள், பில் வரும்போதுதான் தெரியும். நான் செய்தது: போன்களுக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க்), லிஸ்ட்டிங் மூடல், ட்ரங்கிலேயே (வெளியே போகும் லைன்) ஐஎஸ்டிக்குப் பூட்டு, பொது ஃபைலில் ஒரு வரி போட்டு 58 போனின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றியது. ஃபைலை ஏஇஎஸ் முறையில் பூட்டி அனுப்பும் வசதியும் இந்த போனில் இருக்கிறது, ஹெச்டிடிபிஎஸ்ஸும் இருக்கிறது. இரண்டையும் இன்னும் போடவில்லை, போட வேண்டும், அடுத்த லீவு நாளில் பார்க்கலாம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாற்றம் எழுதியாகிவிட்டது, போன்களுக்கு எப்படித் தெரிவிப்பது? ஒரு வழி, 1440 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு ஒரு தடவை, போனே வந்து பார்க்கும்படி வைக்கலாம். இன்னொரு வழி, சர்வரில் இருந்து செக்-சிங்க் என்ற நோட்டிஃபை (போனுக்குப் போகும் ஒரு சின்னச் செய்தி) அனுப்பலாம், ஆஸ்டெரிஸ்க்கில் ஒரு கமாண்ட், போன் உடனே வந்து ஃபைலை வாங்கிக்கொள்ளும். அவசரத்துக்கு இது அருமை. ஆனால் நான் பெரும்பாலும் நம்புவது இபியை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியில் இருந்து கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போடுவார்கள் இல்லையா, அந்த நாள்தான் என் அப்டேட் நாள். எங்கள் ஜெனரேட்டரில் மெஷின் ஓடும், மாடி ஸ்விட்சுகள் ஓடாது. முதல் நாளே ஃபைல்களை மாற்றி வைத்துவிடுவேன். கரண்ட் திரும்பி வந்ததும் 50 போனுக்கு மேல் ஒரே நேரத்தில் எழுந்து வரிசையாக வந்து புது ஃபைலை வாங்கிக்கொண்டு போகும். லாக்கை ஓடவிட்டுப் பார்க்க பந்திக்கு இலை போட்ட மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், போன் எழுகிற நேரத்துக்கு டிஹெச்சிபி கொடுக்கும் சர்வரும் எழுந்திருக்க வேண்டும். எங்களுடையது பழைய டெஸ்க்டாப், கரண்ட் வந்தால் யாராவது போய் பட்டனை அழுத்தினால்தான் ஆன் ஆகும். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு என்று மாற்றி, ஒரு யுபிஎஸ்ஸும் வைத்த பிறகுதான் நிம்மதி. ஃபைல் கிடைக்காவிட்டாலும் போன் கெட்டுப்போகாது, கடைசியாக வாங்கிய கான்ஃபிக்கை வைத்துக்கொண்டே ஓடும். ஐபியே கிடைக்காவிட்டால்தான் அம்போ.

நோட்டிஃபையை ஏன் முழுதாக நம்பவில்லை என்பதற்கு ஒரு கதை. போன மழைக்காலத்தில் எல்லோருடைய எஸ்ஐபி பாஸ்வேர்டையும் மாற்றினேன். சர்வரில் ஒன்று, ஃபைலில் ஒன்று என்று ஒரே ஓர் இடத்தில் தப்பாகிவிட்டது, அது வாட்ச்மேன் கேபின். போன் தப்பான பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு சர்வரில் ரிஜிஸ்டர் ஆக முடியாமல் நின்றுவிட்டது. ஃபைலைச் சரிசெய்துவிட்டு நோட்டிஃபை அனுப்பினால் போகவில்லை. எப்படிப் போகும், ரிஜிஸ்டர் ஆன போனுக்குத்தானே சர்வர் செய்தி அனுப்பும். கரண்ட்டும் போகாது, கேபின் கேமராவோடு யுபிஎஸ்ஸில் இருக்கிறது. ராத்திரி 10 மணி, நல்ல மழை, குடையை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தேன். வாட்ச்மேன் ஐயா என்னைப் பார்த்ததும், "ஏனுங் தம்பி, இதுக்கா இம்மாந் தூரம் நனஞ்சுட்டு வந்தீங்க, ஒயரைப் புடுங்கிப் போடுன்னா நானே போட்டிருப்பனுங்" என்றார். சொல்லலாம்தான் ஐயா, எதில் கூப்பிட்டுச் சொல்வது? அவர் செல் நம்பர் என்னிடம் இல்லை. அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டேன்.